தாக்கல் உண்டா

இங்கன ஒட்டி உட்காரு அக்கா, என் தோளும் உன் தோளும் இடிக்கிற மாதிரி உட்காரு. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகள் நகர்ந்து நகர்ந்து போகின்றன, நீ அந்தப் பக்கம் போய்விட்டாயானால் எவன் என்ன சொல்லும்போது உன் முகம் எப்படி ஆச்சு என்று எனக்குத் தெரியாமல் போயிரும். வாயால் சொன்னது 'ஒட்டி உட்காரு' என்கிறது மட்டுந்தான். மிச்சமெல்லாம் நெஞ்சுக்குள்ளே உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முப்பது வருஷமாக அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், உனக்கு ஒரு எழுத்தும் கேட்டதில்லை. நீ முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். ஏசி குளிருகிறது போல, கையைக் கைக்குள் வைத்துக்கொண்டாய். எனக்கு வேர்க்கிறது. பாளையங்கோட்டையில் இப்படி ஒரு ஹால் இருக்கிறதே எனக்குத் தெரியாது, கீழே கல்யாணச் சமையல் நடக்கிறது, மேலே நாடகத்தைப் பற்றிக் கூட்டம், படியேறும்போது வெங்காயம் வதங்குகிற வாசனை கூடவே ஏறி வந்தது. நாடகம் என்றா சொன்னேன், சீரியல். 'எலந்தக்குறிச்சி எட்டாம் வார்டு.' பதிமூன்று வாரம் டிவியில் ஓடின சீரியல், ஓடி முடிந்து முப்பது வருஷம் ஆன சீரியல், அதற்கு இன்னமும் ரசிகர்கள் இருக்கிறார்களாம், போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், எண்பது தொண்ணூறு பேர் கிளம்பி வந்திருக்கிறார்கள். முன் வரிசையில் நாலைந்து பேர் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்டிருக்கிறார்கள், முதுகில் என்னமோ பெரிசாக அச்சடித்திருக்கிறது. நான் மூணாம் வகுப்பு, எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வரும். தா, க், க. அதோடு கண்ணை எடுத்துவிட்டேன், மிச்சத்தைப் படிக்கவில்லை. நீ அஞ்சாம் வகுப்பு. நான் கூட்டி முடிக்கிறதற்குள் நீ படித்திருப்பாய். அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், சுவரைப் பார்க்கிற மாதிரி.

உன்னை இங்கே கூட்டி வர நான் என்ன சொன்னேன், பழைய ஆட்களை மரியாதை பண்ணுகிறார்கள், எனக்கும் ஒரு துண்டு போடுவார்கள், நீயும் வா, மத்தியானம் சாப்பாடு உண்டு என்றேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று. 'வைகுண்டமணி வருவானா?' வருவான் என்றேன். 'சரி' என்றாய். உடனே போய் அந்த ஊதாச் சேலையை எடுத்து மடிப்புக் கலைத்து வெயிலில் போட்டாய். அந்தச் 'சரி'யை அன்றையிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இருக்கிற ஒரே சொத்து காது, ஒருத்தன் 'வாரேன்' என்று சொல்கிறதிலேயே உடன்குடியா சாத்தான்குளமா என்று சொல்லிவிடுவேன், ஆனால் நீ சொன்ன அந்தச் சரி எந்தச் சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. நானாக உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அந்தச் சீரியலில் பஸ் ஸ்டாப்பில் நின்ற பொம்பளை நீதான், அவள் வாயில் வந்த வார்த்தை உன் வார்த்தை, அதைத் தூக்கிக் கொடுத்தது நான். இத்தனைதான், மூச்சுப் பிடித்தால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. அவன் போனில் சொன்னான், 'வாரும் அண்ணாச்சி, அக்காவையும் கூட்டிட்டு வாரும், இந்தத் தடவ மேடையில வச்சே சொல்லிருதேன் அது யாரு வார்த்தைன்னு, நீரு ஒண்ணும் வாயத் தொறக்காதியும்' என்று. நான் வாயைத் திறக்காமல் இருக்கிறதற்கு ஒருத்தன் வழி சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாகப் போயிற்று. கெட்டிக்காரன். எதிராளிக்கு எது வேண்டுமோ அதை அவனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவான்.

மேடையில் அவன்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். தலை முழுக்க வெள்ளை, மூக்குக் கண்ணாடி, கதர்ச் சட்டை. வசனகர்த்தா வைகுண்டமணி என்று பின்னால் துணியில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் மைக்கை வைத்துக்கொண்டு நிற்கிறவர் ஞானசிகாமணி சார், பாங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், இவர்தான் இந்தக் கூட்டம் கூட்டினவர், பதிமூன்று வாரத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பார் என்று வாசலில் சொன்னார்கள். ஒப்பிக்கிறார். தலையாரி கதாபாத்திரம் கிணற்றுக்குள் டார்ச் அடித்துச் சந்திரனைத் தேடுகிற காட்சி. எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு வினாடி முன்னாலேயே சிரிக்கிறார்கள், அவ்வளவு பழக்கம். இரண்டாவது வரிசையில் ஒருத்தர் எழுந்து நிற்கிறார். நாகர்கோவில்காரர், அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவர் தொண்டையைச் செருமினதில் எனக்குத் தெரிந்துவிட்டது. 'எல்லாரும் திருநெல்வேலிப் பேச்சு, திருநெல்வேலிப் பேச்சுங்கியோ. ஏழாவது வாரத்துல மக்களேன்னு ஒருத்தன் கூப்புடுகான்லா. அது எங்க ஊரு பேச்சாக்கும்' என்கிறார். ஞானசிகாமணி சார் விடவில்லை. 'அண்ணாச்சி, ஒரு மக்களேக்காக பதிமூணு வாரத்தையும் பட்டா போட்டுக் கேக்காதியும், அந்த ஆளு சீரியல்ல ஒங்க ஊர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தவன்.' 'பொண்ணு பாக்க வந்தவன் நல்லவனாட்டுல்லா இருந்தான். கெட்டவன் அத்தனை பேரும் ஒங்க ஊரு.' கூட்டம் ஓவென்று சிரிக்கிறது. ஒரு மஞ்சள் பனியன், மெட்ராஸ் பிள்ளை, 'சார், வெஞ்சணம்னா என்ன சார், அந்த சீன் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல' என்கிறது. 'சோத்துக்குத் தொட்டுக்கிடுததும்மா, கூட்டு, பொரியல்.' 'ஐயோ, நான் அது ஏதோ கெட்ட வார்த்தைன்னு நெனச்சு எங்க வீட்ல சவுண்டு கம்மி பண்ணிப் பார்த்தேன் சார்.' அதற்கும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வருகிறது. உனக்கும் ஓரத்தில் லேசாக வந்த மாதிரி இருந்தது. தெற்கத்தியான் எப்படிப் பேசுவான், எப்படிக் கோபப்படுவான், எப்படிச் சண்டையிலேயும் விருந்துக்குக் கூப்பிடுவான், எல்லாம் பேசுகிறார்கள். திருநெல்வேலியா நாகர்கோவிலா என்று அடித்துக்கொள்கிறார்கள். என் காதுக்குத் தெரியும், அது இரண்டும் இல்லை. அது நம் ஊர் வாகைவிளைப் பேச்சு, அதிலும் வாகைவிளைக் கீழத்தெருப் பேச்சு, அதிலும் நம் வீட்டுப் பேச்சு. அம்மா பேசினது, நீ பேசினது, நான் சோடாப் பெட்டியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நம் ஊருக்கு வந்த அந்தப் படப்பிடிப்புக்காரர்கள் நடுவில் கொட்டினது.

நான் அப்போது சோடா போட்டுக்கொண்டிருந்தேன். கோலி சோடாவும் கலரும். தேரிக்காட்டுச் செம்மண்ணில் சைக்கிள் புதையும், தள்ளித்தான் போக வேண்டும். மெட்ராஸ்காரர்கள் வெயிலில் வாடிப்போய் ஆளுக்கு ரெண்டு மூன்று குடிப்பார்கள். ஒரு நாள் ஒரு நடிகை வசனம் சொல்கிறாள், நான் பாட்டில்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, எனக்கு நானே, 'அவ வாரேங்கிறது விருந்துக்கு வாரது மாதிரியா இருக்கு, கோர்ட்டுக்கு வாரது மாதிரில்லா இருக்கு' என்றேன். பனை நிழலில் நின்ற ஒரு ஒல்லிக்குச்சி திரும்பிப் பார்த்தது. அதுதான் வைகுண்டமணி, அப்போது வசனம் எழுதுகிறவருக்கு எடுபிடி, போகப் போக வசனமே அவன் கைக்கு வந்துவிட்டது. 'அண்ணாச்சி, அப்பம் எப்படிச் சொல்லணும், சொல்லிக் காட்டும்' என்றான். சொன்னேன். அன்றையிலிருந்து நான் பேச்சுக்கு ஆள். அவர்கள் காகிதத்தைப் பார்த்துப் படிப்பார்கள், நான் அதை நம் வாயில் போட்டுத் திருப்பிச் சொல்வேன், நடிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சொல்வார்கள். மூணாம் வகுப்புப் படித்தவனுக்கு வாத்தியார் வேலை. அவனை நான்தான் நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். நீ சாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்தாய், அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து 'எவ பெத்த பிள்ளையோ' என்று இன்னும் ரெண்டு அகப்பைச் சோறு போட்டாய். அதற்குப் பிறகு நான் இல்லாத நேரத்திலும் வந்து தின்பான், உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன். அவன் கேட்கிற ஆளாக இருந்தான், அக்கா. நான் சொல்கிற ஆள். கூடப்பிறந்தும் உன்னிடம் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

அந்த நாள் எப்படி வந்தது என்று எத்தனையோ தடவை பின்னால் போய்ப் பார்த்துவிட்டேன். அவன் வந்து, 'அண்ணாச்சி, பஸ் ஸ்டாப்புல ஒரு பொம்பள வேணும், வார போற எல்லாத்துகிட்டயும் என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கணும், என்ன கேப்பா' என்றான். நான் யோசித்தேனா, இல்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். 'தாக்கல் உண்டா வே' என்று வந்துவிட்டது. உன் குரலில் வந்துவிட்டது. தாக்கலில் அந்தக் 'கல்'லுக்கு ஒரு இழுப்பு, உண்டாவில் பாதிக்கு மேல் மூச்சு இல்லாமல் கரைந்து போகிறது, பிறகு வே என்று ஒரு மரியாதை. பதினேழு வருஷமாக மத்தியானம் ஒண்ணேகால் வண்டி வரும்போது நீ கேட்டது. அத்தான் பம்பாய்க்குப் போய் ஒரே ஒரு கடுதாசி போட்டுவிட்டு அப்புறம் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் போன பிற்பாடு நீ தினம் போய் நின்று, இறங்குகிறவர்களிடம், கண்டக்டரிடம், டிரைவரிடம் கேட்டது. தாக்கல் என்றால் சேதி, சேதி ஏதும் உண்டா. யாரைப் பற்றி என்று நீ சொல்ல மாட்டாய், புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள் நம் பக்கம், ஊருக்கெல்லாம் தெரியும் யாரென்று, 'இல்லக்கா', 'இல்லத்தே' என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எவனும் சிரித்ததில்லை. வைகுண்டமணி என்னை உற்றுப் பார்த்தான். 'இது அக்கா கொரல்லா' என்றான். எனக்கு முகம் எரிந்தது. 'வெறும் வார்த்தைதான் அண்ணாச்சி. வேற ஒண்ணும் எடுக்கமாட்டேன்.' அந்த நடிகைக்கு வரவில்லை. மூன்று தடவை சொல்லிக் காட்டினேன், உன் மாதிரியே கையை மைல்கல்லில் ஊன்றிக்கொண்டு, உன் மாதிரியே கழுத்தை நீட்டிக்கொண்டு. நாலாவது தடவை அவளுக்கு அப்படியே வந்துவிட்டது. கேமராக்காரன் சிரித்தான், லைட் பிடிக்கிறவன் சிரித்தான். பேரே சொல்லாமல் தாக்கல் உண்டா தாக்கல் உண்டா என்று ஒரு பொம்பளை கேட்டால் வெளியூர்க்காரனுக்குச் சிரிப்புத்தானே. நானும் சிரித்தேன். இதுதான் மாட்டிக்கொள்கிறது, எங்கே சுற்றினாலும் இந்த இடத்தில் வந்து சேலை முள்ளில் மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது. நானும் சிரித்தேன். நன்றாக வந்துவிட்டது என்கிற சந்தோஷச் சிரிப்பு அது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு சிரிப்புத்தான், காது எனக்குப் பொய் சொல்லாது.

மூன்றாவது வாரம் அது வந்தது. பஞ்சாயத்து டிவி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது, நீ முன்னால், நான் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. தாக்கல் பாக்கியம் என்று அவளுக்குப் பேர். நீ சேலை சொருகுகிற மாதிரி சொருகியிருந்தாள், வேறு ஒன்றும் எடுக்கமாட்டேன் என்று சொன்னவன்தான். அவள் கேட்கிறாள், 'தாக்கல் உண்டா வே', பஸ்ஸில் இருந்து இறங்குகிறவன் 'உண்டு, எங்க கோழி முட்ட போட்டுட்டு' என்கிறான். ஊரே சிரித்தது. சிரித்துவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ சிரித்தாயா அக்கா. அதைத்தான் நான் முப்பது வருஷமாகத் துழாவுகிறேன். எனக்குத் தெரிந்தது உன் கொண்டை மட்டும். கொண்டை அசையவில்லை. மறுநாள் திங்கட்கிழமை நீ பஸ் ஸ்டாப்புக்குப் போனாய். நானும் கருங்குளத்துக்குச் சோடா கொண்டு போகிற வழியில் அங்கே நின்றேன். ஒண்ணேகால் வண்டி வந்தது, நீ கழுத்தை நீட்டினாய், வாய் திறக்கவில்லை இன்னும், அதற்குள் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, 'என்ன பாக்கியம், தாக்கல் உண்டா' என்றான். வண்டி முழுக்கச் சிரிப்பு. நீ கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாய். வீட்டுக்கு நடந்து போனாய். அதற்குப் பிறகு போகவில்லை. ஒரு நாள்கூட. அதோடு நீ அந்த வார்த்தையையே சொல்வதில்லை என்று கண்டுபிடித்தது என் காதுதான். மேலத்தெருவில் சாவு விழுந்தால் எல்லாரும் 'தாக்கல் சொல்லி விட்டாச்சா' என்பார்கள், நீ 'சேதி சொல்லி விட்டாச்சா' என்பாய். எல்லா வார்த்தையும் இருக்கிற வாயில் ஒரு வார்த்தை மட்டும் செத்துப் போயிற்று. நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயே.

என்னமோ கை தட்டுகிறார்கள். ஒரு பெண் எழுந்து நிற்கிறாள், ஹரிணியாம், காலேஜில் இந்தச் சீரியலைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறாளாம், மெட்ராஸ் தமிழ், சுத்தமாகப் பேசுகிறாள். 'தாக்கல் பாக்கியம்தான் இந்தத் தொடரோட உயிர். தாக்கல்னா என்ன, மனுத் தாக்கல், வேட்புமனுத் தாக்கல். எந்நேரமும் ஆபீஸ் வாசல்ல மனுவோட நிக்கிற ஜனங்களை ஒரே வார்த்தையில கிண்டல் பண்ணியிருக்கார் சார். அந்தக் காலத்துல இவ்வளவு தைரியமான அரசியல் கிண்டல் டிவியில வந்ததே இல்லை.' எனக்கு ஒரு நிமிஷம் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மனுவா, என்ன மனு. பிறகு விளங்கினபோது, நாகர்கோவில்காரர் எழுந்து 'எம்மா, தாக்கல்னா எங்க பக்கம் சேதியாக்கும்' என்கிறார். அந்தப் பிள்ளை முகம் சிவக்கிறது, 'ரெண்டு அர்த்தமும் இருக்கலாம்ல சார்' என்று மேடையைப் பார்க்கிறாள். வைகுண்டமணி சிரித்துக்கொண்டே ரெண்டு கையையும் விரிக்கிறான், 'எழுதுதவனுக்கு ஒண்ணுதான் தெரியும், படிச்ச பிள்ளைக்கு ரெண்டு தெரியுது, நான் ஏன் வேண்டாம்னு சொல்லணும்.' எல்லாரும் தட்டுகிறார்கள். கெட்டிக்காரன். நான் உன் கையைப் பார்க்கிறேன். கைக்குள் கை, அப்படியே இருக்கிறது. கோபம் வரவில்லை எனக்கு, பயம் வருகிறது. போன மாசம் இவன் போனில் சொன்னானே, அது என் காதில் அப்படியே இருக்கிறது, இந்தத் தடவ மேடையில வச்சே, என்று. ஒரு வேளை மறந்திருப்பானோ. கூட்டம் முடியப் போகிறதோ. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ. அப்புறம் உன்னை வண்டியேற்றிக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் என்ன பேசுவேன், வழியெல்லாம் அந்த மஞ்சள் முதுகு நமக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்குமே.

ஞானசிகாமணி சார்தான் கேட்டார். 'கடைசியா ஒரு கேள்வி. இது எங்க எல்லாருக்கும் மண்டையக் கொடஞ்சிக்கிட்டு இருக்கதுதான். பாக்கியம்னு நெசமாவே யாரும் இருந்தாங்களா?' கீழே கரண்டி இடிக்கிற சத்தம் கேட்டது. வைகுண்டமணி மைக்கை வாங்கினான். கண்ணாடியைக் கழற்றினான். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, வரிசை வரிசையாக வந்து, நம்மிடத்தில் நின்றான். பார்த்தான் அக்கா, உன்னைப் பார்த்தான், உன்னைத் தெரிந்துகொண்டான், லேசாகத் தலையை அசைத்தான். சொல்லப் போகிறான். உன் முழங்கையைத் தொட்டேன். 'இருந்தாங்க' என்றான். 'முப்பது வருஷமா இத நான் எங்கயும் சொன்னதில்ல. அது எங்கம்மா.'

எங்கக்கா என்று சொல்ல வந்தானோ. அக்காவை அம்மாவாக நினைத்துச் சொல்கிறானோ. என் காதுதான் வயசாகிப் போச்சோ. அப்படியெல்லாம் நான் தடவிக்கொண்டிருக்கும்போதே அவன் போய்க்கொண்டிருந்தான், நல்ல குரல், எந்த இடத்தில் தாழ வேண்டுமோ அந்த இடத்தில் தாழ்ந்தது. 'எங்கப்பா பம்பாய்க்குப் போனாரு. ஒரே ஒரு கடுதாசி. அப்புறம் இல்ல. எங்கம்மா தெனம் மத்தியானம் பஸ் ஸ்டாப்புல போய் நிப்பா.' அவன் அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மெட்ராஸுக்குப் போயிருந்தபோது, அவன் வீட்டு மாடியில், சாய்வு நாற்காலியில், பனியனோடு, பேப்பர் படித்துக்கொண்டு. ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். 'சோடா அண்ணாச்சியா, வாங்க' என்று எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தார். பம்பாயை அவர் படத்தில்தான் பார்த்திருப்பார். அவரைக் காணாமல் போகவைத்துவிட்டான் மேடையில் வைத்து. எழுந்து சொல்லலாமா. ஏ வைகுண்டமணி, உங்கய்யா எனக்குக் காபி தந்தாரே வே, என்று. எழும்பவில்லை நான். எழும்பினால் அடுத்து நான்தானே சொல்ல வேண்டும், யார் யாரிடம் கொடுத்தது என்று.

அவன் நிறுத்தவில்லை. 'ஒரு நாள் நான் கேட்டேன், ஏம்மா யாரு என்னன்னு கேக்காம மொட்டையா தாக்கல் உண்டான்னு கேக்கியே, பேரச் சொல்லிக் கேட்டா என்னன்னு. அதுக்கு எங்கம்மா சொன்னா' என்று நிறுத்தினான், தண்ணீர் குடித்தான். 'பேரச் சொல்லிக் கேட்டா இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாவ. மொட்டையாக் கேட்டா என்னமாச்சும் ஒண்ணு சொல்லுவாவ, மழ பெய்ஞ்சுதுன்னோ ஆடு குட்டி போட்டுதுன்னோ. வெறுங்கையோட வீட்டுக்கு வர வேண்டாம்லா. அப்படின்னா.' அக்கா, இது எனக்குத் தெரியாது. சாமி சத்தியமாகத் தெரியாது. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்றுதான் நீ மொட்டையாகக் கேட்கிறாய் என்று நான் நினைத்திருந்தேன், ஊரே நினைத்திருந்தது. இது நீ சொன்னது. வெறுங்கையோட என்று சொல்லும்போது கடைசி எழுத்தை முழுங்குகிறது நீதான், வேறு யாரும் இல்லை. அந்தக் கருவாட்டுக் குழம்பை ஊற்றி வைத்துக்கொண்டு, நான் இல்லாத ஒரு மத்தியானம், அவனிடம் நீ சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் சொன்னாய், கேட்கத் தெரிந்தவன் என்று நம்பி. நான் கொடுத்தது வார்த்தையை மட்டும். இதை அவன் நேரே உன் கையில் வாங்கியிருக்கிறான். வாங்கி முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து, நீ பார்க்க, இன்னொருத்திக்குக் கட்டிவிட்டான். நம் அத்தானைக்கூட எடுத்துக்கொண்டான். நீ காத்திருந்ததையும் எடுத்துக்கொண்டான். ஹால் முழுக்க மூக்கை உறிஞ்சுகிறார்கள். ஹரிணி அழுகிறாள், நாகர்கோவில்காரர் துண்டால் முகத்தைத் துடைக்கிறார், ஞானசிகாமணி சார் மைக்கைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். முப்பது வருஷம் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஒரே நிமிஷத்தில் அழுகிறார்கள், இவ்வளவு சுலபமாக இருந்ததா அது. யாருக்காக அழுகிறார்களோ அவள் என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உன்னைப் பார்க்கப் பயந்து உன் செருப்பைப் பார்த்தேன். செருப்புக்குள் கால் நுழைந்துகொண்டிருந்தது. நீ எழுந்தாய்.

'எங்க போற அக்கா' என்றேன். 'மணியப் பாக்கணும்' என்றாய். சாப்பாட்டுக்கு எல்லாரும் எழும்பி, பாதிப் பேர் படியைப் பார்க்கவும் பாதிப் பேர் மேடையைப் பார்க்கவும் நெருக்கியடித்தார்கள், அவனைச் சுற்றி ஒரு வட்டம், போனைத் தூக்கித் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். நீ நுழைந்து போனாய், வயசான பொம்பளைக்கு வழிவிட்டார்கள், நான் உன் முந்தானைக்குப் பின்னாலேயே போனேன். அவன் பார்த்ததும் ரெண்டு கையையும் நீட்டினான், 'அக்கா, வந்தியளா, ஒடம்பு எப்படி இருக்கு' என்றான், குரலில் ஒரு நடுக்கம் இல்லை. வட்டத்தில் நின்றவர்களிடம், 'எனக்குச் சோறு போட்ட கை இது' என்றான். அதுவாவது நிஜம். நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டாய். 'நல்லாச் சொன்னய்யா' என்றாய். 'ஒரு எழுத்து விடாமச் சொன்ன.' சுற்றி நின்றவர்களுக்கு அது பாராட்டு. அவன் கண் ஒரு தடவை என் பக்கம் வந்துவிட்டுப் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று அந்தச் சரி எந்தச் சரி என்று. உனக்குத் தெரியும். பஞ்சாயத்து டிவிக்கு முன்னால் கொண்டை அசையாமல் உட்கார்ந்திருந்தாயே, அன்றைக்கே தெரியும், அந்த நடிகையின் வாய்க்குள் இருந்தது என் நாக்கு என்றும் தெரியும், கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா. தெரிந்துகொண்டே முப்பது வருஷம் எனக்கும் குழம்பு ஊற்றியிருக்கிறாய். 'ஒண்ணே ஒண்ணு விட்டுட்டியே' என்றாய் நீ, சத்தம் கூட்டாமல், பஸ்ஸில் இருந்து இறங்குகிறவனிடம் கேட்கிற அதே அளவுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு. 'ஒங்கம்ம கேக்கத எப்பம்யா நிறுத்துனா?'

நல்ல கேள்வி என்று வட்டத்தில் நின்றவர்களும் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். ஹரிணி போனை இன்னும் கிட்டக் கொண்டு வந்தாள். அவன் வாயைத் திறந்தான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. எழுதினவனுக்கு அதற்குப் பதில் தெரியாமல் இல்லை, தெரிந்த பதில் ஒன்றுதான், மூன்றாவது வாரம், மறுநாள், ஒண்ணேகால் வண்டி. அதைச் சொல்லத் தெரிந்த இன்னொரு ஆள் உன் முந்தானைக்குப் பின்னால் நின்றான், அவனும் சொல்லவில்லை. நீ அவசரப்படவில்லை. பதினேழு வருஷம் பழகினவள், ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாய். அவன் என்னைப் பார்த்தான், போன்களைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். பிறகு கெட்டிக்காரன், தன் கையைப் பிடித்திருந்த உன் கையை ரெண்டு கையாலும் மெல்லத் தூக்கி, தன் வெள்ளைத் தலையில் வைத்து அமுக்கிக்கொண்டு, எல்லாரும் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் குனிந்தே நின்றான்.